படம் எடுத்தவர் பெயர்

ஒரு சிறு தொழிலுக்கு இணையதளம் அமைக்கும்போது எழுதக் கடினமான பக்கம் ‘எங்களைப் பற்றி’ என்பதுதான். முகப்பு, படத்தொகுப்பு, கட்டணம், தொடர்பு ஆகியவற்றுக்குப் பார்த்துச் செய்ய எத்தனையோ மாதிரிகள் கிடைக்கின்றன. ‘எங்களைப் பற்றி’ என்றவுடன் அந்த ‘நாங்கள்’ யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. என் அண்ணன் வீட்டுப் போட்டோ ஸ்டுடியோவுக்கு இணையதளம் அமைத்தபோது மற்றப் பக்கங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிட்டன. இந்த ஒரு பக்கம் மூன்று மாதம் வெள்ளையாகவே கிடந்தது.

ஸ்டுடியோ தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. பலகையில் அண்ணன் பெயர். கடை வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, உத்யம் பதிவு எல்லாம் அவன் பெயரில். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தாலும் அவன் பெயர்தான் வரும். ஆல்பம் வடிவமைப்பது, பிரிண்டுக்கு அனுப்புவது, பேரம் பேசுவது, பாஸ்போர்ட் சைஸ் எடுப்பது அவன் வேலை. வெளியே போய்ப் படமெடுப்பது என் மைனி. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்தான் எடுக்கிறார்.

முதலில் லைட் பிடிக்கத்தான் அவரைக் கூட்டிப்போனார்கள். சடங்கு வீட்டில் தண்ணீர் ஊற்றும் இடம், வளைகாப்பில் பெண்கள் கூடியிருக்கும் உள்ளறை, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் கட்டில் என்று ஆண் போட்டோகிராபர் நிற்கக் கூசுகிற இடங்கள் நிறைய உண்டு. அங்கெல்லாம் காமிராவை மைனி கையில் கொடுத்துவிட்டு அண்ணன் வாசலில் நிற்பான். சில ஆண்டுகளில் கல்யாணம் முழுவதையும் மைனியே எடுக்கத் தொடங்கினார். பனிமய மாதா கோயில் கல்யாணமோ சிவன் கோயில் கல்யாணமோ, ஊரில் எங்களைத் தெரிந்தவர்கள் ‘அண்ணாச்சி ஸ்டுடியோ’ என்றுதான் சொல்வார்கள். ‘அண்ணாச்சி வீட்டுக்காரம்மா வந்து எடுத்தாங்க’ என்பது அதற்குள் அடங்கியிருக்கும் ஒரு துணைவாக்கியம்.

இணையதளம் பற்றிய பேச்சு வெள்ளத்திலிருந்து தொடங்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு ஜனங்கள் குடும்ப அட்டைக்கும் சான்றிதழ்களுக்கும் அலைந்தார்கள். அந்த அலைச்சல் கொஞ்சம் ஓய்ந்ததும் ஸ்டுடியோவுக்கு வரத் தொடங்கினார்கள். நனைந்து ஒட்டிக்கொண்ட ஆல்பத்தை அப்பளக்கட்டு மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வந்து, “அண்ணாச்சி, இது உங்ககிட்ட இருக்குமா?” என்று கேட்டார்கள். ஹார்ட் டிஸ்குகள் மேல் அலமாரியில் இருந்ததால் தப்பியிருந்தன. எந்த டிஸ்கில் எந்தக் கல்யாணம் என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. மைனி பரணிலிருந்து பதினோரு நோட்டுகளை இறக்கினார்.

கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுகள். தேதி, வீட்டுப் பெயர், தெரு, கோயில் அல்லது மண்டபம், டிஸ்க் எண் ஆகிய விவரங்கள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே அவர் எழுதிவைத்த ஒன்றிரண்டு வரிகள். ஒரு நோட்டில் நான் பார்த்தது: ‘பொண்ணுக்கு அம்மா மேடைக்கு வரல. தாலி கட்டும்போது தூணுக்குப் பின்னாடி நின்னாங்க. தூணோட சேத்து ஒண்ணு எடுத்திருக்கேன்.’ கணவனை இழந்த தாய் மகளின் கல்யாணப் படத்தில் இல்லாமல் போவது எங்கள் பக்கம் புதிதல்ல. ஆல்பத்தில் அந்தத் தூண் படம் சேரவில்லை. டிஸ்கில் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பெண் வந்து, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி, அம்மா முகம் தெரிகிற ஏதாவது ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டபோது மைனி நோட்டைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

அன்று இரவு நான்தான் இணையதளம் பற்றிப் பேசினேன். ஸ்டுடியோவுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்று இருந்தது. அண்ணன் மகன் தன் தொலைபேசி எண்ணில் தொடங்கியது. அவன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் கடவுச்சொல்லும் கூடவே போய்விட்டது. மாதத்துக்கு ஒருமுறை அவனுக்குத் தோன்றினால் ஒரு படம் போடுவான். சொந்தமாக ஒரு முகவரி வேண்டும், அதன் சாவி மைனி கையில் இருக்க வேண்டும் என்றேன். எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிற மாணவி ஒருத்தி பகுதி ஒன்று தமிழுக்கு என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். அவள் செய்து தருவதாகச் சொன்னாள். கூலி பேசித்தான் ஒப்படைத்தோம். பெண்கள் பெண்களுக்குச் செய்யும் வேலைக்கு ஒரு டீயும் ஒரு பொட்டலம் மக்ரூனும் போதும் என்ற பழக்கத்தை எங்கேயாவது நிறுத்த வேண்டும்.

முதல் சிக்கல் ஊர்ப்பெயரில் வந்தது. தமிழிலேயே முகவரி வாங்கலாம். ‘.இந்தியா’ என்று தமிழ் எழுத்தில் முடியும் டொமைன் உண்டு. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட அப்படி இருக்கின்றன. தமிழ் வாத்தியாரான எனக்கு ஆசைதான். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன்ல இங்கிலீஷ்லதான மிஸ் அடிப்பாங்க” என்று மாணவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் தூத்துக்குடியா, டூட்டிகோரினா? தூத்துக்குடி என்றாலும் எத்தனை ‘டி’, எத்தனை ‘எச்’? 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எங்கள் ஊருக்கு ஓர் ஆள் உயர நீளத்தில் புதிய எழுத்துக்கூட்டல் கிடைத்தது. கேலி தாங்காமல் சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தேடுகிறவர்கள் இன்றும் தங்களுக்குத் தோன்றியபடிதான் தட்டுகிறார்கள். அதனால் டொமைனில் ஊர்ப்பெயரே வேண்டாம் என்று விட்டு, பக்கங்களுக்கு உள்ளே எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தூவி வைத்தோம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் டொமைனுக்கு ஆனது. பதிவுப் படிவத்தில் ‘உரிமையாளர் பெயர்’ என்ற கட்டத்தில் மாணவி யாரையும் கேட்காமல் மைனி பெயரைத் தட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் அப்போது பக்கத்து அறையில் ஒரு குழந்தையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

முத்துச்சிப்பி வைத்து ஒரு சின்னம் செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. மைனி சம்மதிக்கவில்லை. இந்த ஊரில் ரயிலுக்கு முத்துநகர் விரைவு வண்டி, கடற்கரைக்கு முத்துநகர் கடற்கரை, கடைகளில் பாதிக்கு முத்து அல்லது பேர்ல். உண்மையில் 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் திரேஸ்புரத்திலிருந்து போகிறார்கள். அவர்களை யாரும் சின்னமாக வைப்பதில்லை.

கல்யாணத்துக்குப் போட்டோகிராபரைத் தேர்ந்தெடுப்பவர்களில் எங்கள் ஊரில் ஒரு தனி வகை உண்டு. கப்பலில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைகள். கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். அவர்கள் நடுக்கடலில் கிடைக்கிற மெல்லிய இணையத்தில் பார்ப்பார்கள். மைனியின் படம் ஒவ்வொன்றும் எட்டு, பத்து எம்பி. அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டுவிடும். மாணவி எல்லாவற்றையும் இருநூறு கேபிக்குள் சுருக்கினாள். அந்த வேலையின் நடுவில்தான் அது கண்ணில் பட்டது.

டிஜிட்டல் படக் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் சில தகவல்கள் சேமிக்கப்படுகின்றன. எந்தக் காமிரா, எந்த லென்ஸ், என்ன தேதி, எத்தனை மணி. தொலைபேசியில் எடுத்தால், அதை அணைத்துவைக்காத பட்சத்தில், எந்த இடம் என்பதையும் அட்சரேகை தீர்க்கரேகையோடு குறித்துவைக்கும். அதாவது ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் தொலைபேசியில் எடுத்த வளைகாப்புப் படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றினால் அவள் வீடு இருக்கும் இடமும் கூடப் போகலாம். அதை நீக்கத்தான் மாணவி திறந்தாள். காமிராவில் எடுத்த படங்களில் ‘எடுத்தவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் அண்ணன் பெயர்.

ஒரு படத்தில் மட்டும் இல்லை. திறந்த கோப்பு ஒவ்வொன்றிலும். காமிரா வாங்கிய அன்று கடைக்காரர் கேட்டு அமைப்பில் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு மைனி அழுத்திய ஒவ்வொரு கிளிக்கிலும் காமிரா தன் பாட்டுக்கு அண்ணன் பெயரை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. நடுச்சாமத்தில் எடுத்தது, காய்ச்சலோடு எடுத்தது, அண்ணன் ஊரிலேயே இல்லாத நாளில் எடுத்தது, தூணுக்குப் பின்னால் நின்ற தாயை எடுத்தது எல்லாவற்றிலும்.

மைனி சிரித்தார். “கேமராவுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு, யாரு வீட்டுக்காரருன்னு.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹோமாய் வியாரவாலாவின் ஞாபகம் வந்தது. 1913இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராக அறியப்படுபவர். அவர் பம்பாயில் எடுத்த தொடக்ககாலப் படங்கள் அவருடைய கணவர் பெயரில்தான் வெளியாயின. பெயர் தெரியாத ஒரு பெண் எடுத்தது என்று சொன்னால் எடுபடாது. பிறகு அவர் தனக்கு ‘டால்டா 13’ என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். அவருடைய காரின் எண் டிஎல்டி 13. நேருவையும் மவுண்ட்பேட்டனையும் சுதந்திரத்தின் முதல் நாட்களையும் எடுத்தவருக்கு வனஸ்பதி டப்பாவை நினைவுபடுத்தும் ஒரு பெயர். அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். பத்ம விபூஷண் 2011இல் வந்தது. அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். அவருக்கு வயது 98.

மைனியின் கதையில் யாரும் திட்டமிட்டு எதையும் மறைக்கவில்லை. அண்ணனிடம் காட்டியபோது அவன் உண்மையாகவே திகைத்தான். “நான் என்ன உன் பேரப் போட வேண்டாம்னா சொன்னேன்?” என்று மைனியைக் கேட்டான். சொல்லவில்லைதான். சொல்ல வேண்டிய அவசியமே வராத அளவுக்கு எல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது. காமிராவின் அமைப்பில் போய்ப் பெயரை மாற்ற ஒரு நிமிடம் ஆயிற்று. பழைய கோப்புகளையும் மொத்தமாக மாற்றிவிடலாம், ஓர் இரவு ஓடவிட்டால் போதும் என்றாள் மாணவி. மைனி வேண்டாம் என்றார். “பழச விடு, பிள்ள. அதுல கைவச்சு ஏதாவது அழிஞ்சிட்டுன்னா?” வெள்ளத்தைப் பார்த்தவருடைய பயம் அது. நகல் எடுத்துவைத்துவிட்டுச் செய்யலாம் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் பதினேழாவது பிரிவு வேறொன்றும் சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலை கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டு விலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாணப் படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்குத் தானாக வந்துவிடாது. தன் தளத்தில் போட்டுக்கொள்ள ஸ்டுடியோ எழுதி வாங்க வேண்டும். உரிமை கைமாறிய பிறகும், இதை எடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவருக்கு ஐம்பத்தேழாவது பிரிவின்படி இருக்கிறது. எங்கள் ஊரில் பல ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரியாது. வாட்ஸப்பில் வந்ததெல்லாம் தன்னுடையது என்று நினைக்கிற காலம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தச் சட்டத்தில் இல்லாத மூன்றாவது ஆள். எடுத்தவர் இருக்கிறார், காசு கொடுத்தவர் இருக்கிறார். படத்தில் இருப்பவள்? எங்கள் பக்கம் காசு கொடுப்பவர் பெண்ணின் அப்பா, அல்லது மாப்பிள்ளை வீடு. சடங்கு வீடென்றால் தாய்மாமன். படத்தில் இருப்பவளுக்குப் பன்னிரண்டு வயது.

சடங்குப் படங்கள்தான் ஸ்டுடியோவுக்கு நல்ல வருமானம். போட்டிக் கடைகளின் இணையப் பக்கங்களைத் திறந்தால் முதலில் வருவதும் அவைதான். பட்டுப்பாவாடையும் தலை நிறைய பூவுமாக, பல்லக்கில், ஊஞ்சலில், சிப்பி மாதிரி செய்த மேடைக்கு நடுவில் சிறு பெண்கள். தெருமுனை பிளக்ஸ் மூன்று நாளில் கிழிந்துவிடும். இணையத்தில் போட்டது அவள் கல்லூரிக்குப் போகும்போதும் இருக்கும், வேலைக்குப் போகும்போதும் இருக்கும். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் சடங்குப் படத்தை யாரோ தேடி எடுத்து வகுப்புக் குழுவில் போட்டதையும், அவள் ஒரு வாரம் கல்லூரிக்கு வராமல் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சடங்குப் படம் ஒன்றுகூட நம் தளத்தில் வேண்டாம் என்று நான் சொன்னபோது அண்ணன், “அப்போ கடையையே மூடிரலாமே” என்றான். மைனி உடனே என் பக்கம் வந்துவிடவில்லை. அவருக்குக் கடை வாடகை தெரியும். இரண்டு நாள் கழித்து, “எடுப்போம், வீட்டுக்கு ஆல்பம் குடுப்போம். வெளிய போட வேண்டாம்” என்றார். ஒரு தாய்மாமன் இதைக் கேட்டுவிட்டு, “நாங்கதான காசு குடுக்கோம், போடுங்க, பெருமைதானே” என்று சண்டைக்கே வந்தார். இப்போது அந்த வகையில் தளத்தில் இருப்பது சீர்வரிசைத் தட்டுகள், பூ ஜடையின் பின்பக்கம், மஞ்சள் நீரில் மிதக்கும் வேப்பிலை. வாடிக்கையாளர் குறைந்தார்களா என்றால், கொஞ்சம் குறைந்தார்கள்.

நான் முனைவர் பட்டத்துக்கு நெய்தல் பாடல்களோடு கிடந்தவள். அகப்பாடலில் தலைவன் தலைவி யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. மீன் உணங்கலுக்குக் காவல் இருக்கிறாள், பறவை ஓட்டுகிறாள், அவள் பல்லுக்குக் கொற்கை முத்து உவமையாகிறது. ஆனால் அவள் பெயர் நமக்குத் தெரியாது. மாணவிகள் இதை ஆணாதிக்கம் என்று எழுதுவார்கள், நானும் தட்டிக்கொடுத்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்தத் தள வேலைக்குப் பிறகு அந்த விதியை வேறு மாதிரியும் படிக்கிறேன். காதலிக்கிற பெண்ணை ஊர் வாயிலிருந்து மறைத்துவைக்கிற ஏற்பாடாகவும் அது இருக்கலாம். ஊர்ப்பேச்சுக்கு ‘அலர்’ என்று தனிச்சொல்லே வைத்து அஞ்சியவர்கள் அவர்கள். பாடினவரின் பெயரை மட்டும், கிடைத்தவரை, தொகுத்தவர்கள் காப்பாற்றித் தந்தார்கள்: வெள்ளிவீதியார், நக்கண்ணையார், நச்செள்ளையார். பாடியவளுக்குப் பெயர், பாடப்பட்டவளுக்கு மறைவு. நம் ஸ்டுடியோக்கள் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கின்றன.

மறைவு எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியவில்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டென்னிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்தவற்றில் ஒன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. அந்த மனிதர்கள் யாரும் தங்கள் பெயரை மறைத்துவைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, எங்கள் ஊர் உப்பளப் பெண்களையும் மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களையும் எம். பழனி குமார் ‘பாரி’ இணையதளத்துக்கு எடுத்த படங்களைப் பாருங்கள். மீன் விற்ற தாயின் மகன் அவர். அந்தப் படங்களுக்குக் கீழே பெண்கள் பேர்சொல்லி நிற்கிறார்கள்.

மைனியும் உப்பளத்தில் எடுத்திருக்கிறார், கல்யாண சீசன் இல்லாத மாதங்களில், தனக்காக. தளத்தில் அவற்றைப் போடலாமா என்று கேட்க இருவரும் போனோம். விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்ட வேலை, நாங்கள் போனபோது ஓய்கிற நேரம். தலையில் சும்மாட்டோடு நின்ற ஒரு அக்கா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஏன் எப்பவும் இந்த அழுக்குச் சட்டையிலேயே எடுக்கீங்க? எங்கிட்ட நல்ல சேல இல்லயா?” என்றார். அவர் போட்டிருந்தது புடவைக்கு மேலே உப்பு படாமலிருக்க மாட்டும் ஆண் சட்டை. எங்களுக்கு அந்தச் சட்டைதான் ‘படம்’. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைனி ஒரு நீலத் துணியோடு அவர்கள் தெருவுக்குப் போனார். ஏழு பேர் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்து உட்கார்ந்தார்கள். தளத்தில் இப்போது இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அந்த அக்கா சொன்னபடி அவருடைய முழுப்பெயரோடு. இரண்டு பேர் பெயர் வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

என் ஆச்சி தனியாக நின்ற ஒரே படம் 1990களில் எடுத்த வாக்காளர் அட்டையில் இருக்கிறது. வரிசையில் நிறுத்தி, கண்ணை மூடுவதற்கு முன் அழுத்திய படம். தூத்துக்குடிப் பெண்கள் பலருக்குப் பெண் பார்க்க அனுப்பிய படம், கல்யாணப் படம், செத்த பிறகு பெரிதாக்கி மாலை போட்ட படம் என்று மூன்றோடு கணக்கு முடிந்துவிடும். மூன்றாவதுகூடப் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வெட்டியெடுத்ததுதான். பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தேடி எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறார்கள். அந்த மாதிரி முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றை யார் எடுத்தார்கள், எந்த மைனி லைட் பிடித்தாள் என்று தேடத் தோன்றுகிறது.

ஒப்புதல் படிவத்தை நான் எழுதினேன். அரைப் பக்கம், நல்ல தமிழில், பெரிய எழுத்தில். கையெழுத்துக்கு மூன்று இடம்: காசு கொடுப்பவர், மணமகள், மணமகன். ‘எல்லாப் படங்களும் போடலாம்’, ‘முகம் தெரியாத படங்கள் மட்டும்’, ‘எதுவும் வேண்டாம்’ என்று மூன்று கட்டங்கள். எப்போது கேட்டாலும் எடுத்துவிடுவோம் என்று ஒரு வரி. ஒரு அப்பா, “அவ என்னத்துக்குக் கையெழுத்துப் போடணும்? நான்தான போட்டுட்டேன்” என்றார். மைனி அவரிடம் வாதாடவில்லை. பேனாவைப் பெண்ணிடம் நீட்டிக்கொண்டு நின்றார். அவள் நிதானமாக முழுவதும் படித்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். பெரும்பாலான பெண்கள் அந்தக் கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் எங்கள் படத்தொகுப்பில் கைகள் அதிகம். மருதாணிக் கை, தாலியின் கொக்கியை மாட்டும் நாத்தனார் கை, பந்தியில் அப்பளத்தை நொறுக்கும் கை. “உங்க வெப்சைட்ல மூஞ்சியே இல்லையே” என்று ஒருவர் வாட்ஸப்பில் கேட்டார்.

படங்களுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எழுத்து உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரை வாசிப்பான் படித்துக்காட்டுவதற்காகவும் தேடுபொறிகளுக்காகவும் ஒவ்வொரு படத்தையும் ஒரு வரியில் விவரிக்க வேண்டும். போட்டிக் கடைகளின் தளங்களில் மாணவி எடுத்துக் காட்டினாள்: ‘அழகான மணமகள்’, ‘அழகான தமிழ் மணமகள்’, ‘அழகான மணமகள் 14’. எங்கள் தளத்துக்கு அறுபது வரிகளை நான் எழுதினேன். ‘மணப்பாட்டுக் கோயில் படியில் மணமகள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறுகிறாள், கடற்காற்றில் முக்காடு இடப்பக்கம் பறக்கிறது.’ ‘தேரிக்காட்டுச் செம்மண்ணில் இருவர் நடந்த தடம், இருவரும் படத்தில் இல்லை.’ நான்கு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன், ‘அழகு’ என்ற சொல்லே இல்லாமல் அறுபது வரி எழுதியது இதுதான் முதல் தடவை. கூலி கேட்டேன். மைனி ஒரு குடும்பப் படம் இலவசம் என்றார்.

தொடர்புப் பக்கத்தில் யார் எண்ணைப் போடுவது என்பதில் ஒரு மாலை போனது. பெண் பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தால் இரவு பதினொரு மணிக்கு எத்தகைய அழைப்புகள் வரும் என்பதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிவம் வைத்தால் நம் ஜனங்கள் நிரப்ப மாட்டார்கள், கூப்பிடத்தான் செய்வார்கள். கடைக்கென்று தனி சிம் வாங்கி, வணிக வாட்ஸப்பில் காலை பத்து முதல் இரவு எட்டு வரை என்று நேரம் குறித்து, அந்தத் தொலைபேசியைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார் மைனி. அண்ணனின் எண் இருபது வருடமாகப் பலகையில் இருக்கிறது. அதற்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை.

‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு அண்ணன் எழுதித் தந்த வரைவு இப்படித் தொடங்கியது: ‘எங்கள் குடும்ப நிறுவனம் பல்லாண்டு அனுபவத்துடன்...’ மைனியும், “‘நாங்க’ன்னே இருந்துட்டுப் போகட்டுமே, எதுக்கு வம்பு” என்றார். குடும்பம் என்ற சொல்லுக்குள் ஒருவருடைய உழைப்பைக் கரைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று நான் வகுப்பில் பேசுவது போல ஒரு மணி நேரம் பேசினேன். எடுபடவில்லை. கடைசியில் பக்கத்தை நிரப்பியது நோட்டுகள்தான். மாணவி பதினோரு நோட்டுகளையும் வரிசையாக அடுக்கி ஒரு படம் எடுத்து, கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டாள். மைனி சற்று யோசித்துவிட்டு, “இது நான் எடுத்த படங்களோட கணக்கு” என்றார். அதை அப்படியே போட்டோம். அடுத்த வரியில் அவர் பெயர், அதற்கடுத்து ஆல்பம் வடிவமைப்பு என்று அண்ணன் பெயர்.

தளம் வெளியான எட்டாவது நாளில் முதல் விசாரணை வந்தது. கப்பல் மாப்பிள்ளை இல்லை. முதலாவது பெண் குழந்தைக்குப் பேர் வைக்கும் விழாவுக்கு, குழந்தையின் அம்மாவே கேட்டிருந்தார். அதற்குப் பிறகு வந்த பத்தில் ஆறு பேர் பெண்கள். இது எங்கள் வாட்ஸப்பை எண்ணிச் சொல்கிற கணக்கு, வேறெதற்கும் ஆதாரமாகாது. ஒரு பெண் மட்டும், கல்யாணமாகி ஒரு வருடத்தில், தன் படத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் போடலாம் என்று டிக் போட்டவள். ஏன் என்று மைனி கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, எடுத்தாயிற்று என்று செய்தி அனுப்பினார். மறுநாள் அவள் அப்பா கூப்பிட்டு, காசு கொடுத்தது நான், என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று சத்தம் போட்டார். சட்டப்படி அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. மைனி, “சரிங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். படத்தைத் திரும்பப் போடவில்லை.

க்யூஆர் அட்டை இன்னும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. மைனி பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க ஆவணங்கள் தயாராகின்றன. பலகையை மாற்றுவது பற்றியும் பேச்சு வந்தது. இந்த மழைக்காலம் முடியட்டும், புதுப் பெயிண்ட் நனைந்துவிடும் என்கிறான் அண்ணன்.